அரை ஏக்கர் மரக்கறித் தோட்டம்: முதலில் எதை மாற்றுவது?

இலங்கை மலையகத்தில் கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கங்களில் அரை ஏக்கரில் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றிப் பயிர் செய்யும் ஒரு குடும்பத்துக்குச் சீட்டுக் காசு கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு காரியத்துக்கு மட்டுமே அது போதும். பெற்றோல் பம்பியைக் கழித்துவிட்டு மின்மோட்டர் வாங்கலாம். சூரியத் தகடு போடலாம். மேலே இருக்கிற ஊற்றிலிருந்து குழாய் இழுக்கலாம். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் சாண எரிவாயுக் குழி கட்டலாம். யூரியாவைக் குறைத்துக் கோழி எரு இறக்கலாம். செலவும் குறைய வேண்டும், பூமியைச் சூடாக்கும் வாயுவும் குறைய வேண்டும் என்றால் எதை முதலில் செய்வது?

2022-ஐ மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. ஜூன் இறுதியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபாயைத் தொட்டது. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அதே மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 சதவீதம். அன்றிலிருந்து தோட்டத்துச் சக்திச் செலவு என்றாலே எல்லோருக்கும் பம்பிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அது சத்தம் போடுகிறது, புகைக்கிறது, நாளாந்தம் காசு கேட்கிறது. கொட்டிலின் மூலையில் சாய்ந்து கிடக்கும் யூரியா மூட்டையை யாரும் எரிபொருளாகப் பார்ப்பதில்லை. என் பதில் அந்த மூட்டையில்தான் தொடங்குகிறது. அதற்குக் காரணம் கணக்கு.

முதலில் பம்பி. அரை ஏக்கரை 10 மில்லிமீற்றர் மழை பெய்த அளவுக்கு நனைக்க ஏறத்தாழ 20,000 லீட்டர் தண்ணீர் வேண்டும். கீழே ஓடும் ஆற்றிலிருந்து 30 மீற்றர் உயரத்துக்கு அதை ஏற்றுவதாக எடுத்துக்கொள்வோம். தண்ணீரைத் தூக்குவதற்கு மட்டும் தேவைப்படும் சக்தி 1.6 அலகு மின்சாரத்துக்குச் சமம். ஆனால் சிறிய பெற்றோல் பம்பி தான் குடிக்கும் எரிபொருளில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தண்ணீருக்குக் கொடுப்பதில்லை; மிகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே ஒரு தடவை நனைக்க 2 லீட்டருக்கு மேல் செலவாகிறது. வறட்சி மாதங்களில் 40 தடவை நனைத்தால் ஆண்டுக்கு 90 லீட்டர். ஒரு லீட்டர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வருகிறது. மொத்தம் 200 கிலோவுக்குச் சற்று மேல்.

இனி யூரியா. 50 கிலோ மூட்டையில், அதாவது ஓர் அந்தரில், 46 சதவீதம் நைதரசன். ஆகவே 23 கிலோ. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் இந்த நைதரசனில் ஒரு சிறு பங்கை நைதரசு ஒட்சைட்டு என்ற வாயுவாக மாற்றி விடுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு சூடாக்கும் வாயு அது. காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 2019-இல் திருத்தி வெளியிட்ட அளவுகோலின்படி, ஈரமான காலநிலையில் செயற்கைப் பசளையின் நைதரசனில் 1.6 சதவீதம் இப்படிப் போகிறது. மலையகத்தைவிட ஈரமான வயலை எங்கே தேடுவது? பெருக்கிப் பார்த்தால் ஒரு மூட்டைக்கு 158 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். யூரியா மண்ணில் கரையும்போது அதற்குள் இருக்கும் காபனும் வெளியேறுகிறது. அது இன்னும் 37 கிலோ. ஆக, ஒரே ஓர் அந்தர் யூரியா வயலில் விடும் வாயு, பம்பி ஓர் ஆண்டு முழுவதும் விடும் புகைக்கு ஏறக்குறைய ஈடாக நிற்கிறது. அந்த மூட்டையை உற்பத்தி செய்ய எரித்த இயற்கை வாயுவையோ நிலக்கரியையோ, கப்பலில் கொண்டுவந்த செலவையோ இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. அவற்றையும் சேர்த்தால் மூட்டை பம்பியைத் தாண்டிவிடும்.

அரை ஏக்கரில் ஆண்டுக்கு மூன்று போகம் எடுத்து, போகத்துக்கு ஓர் அந்தர் போடுகிறவர் மூன்று பம்பிகளை ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவற்றின் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை.

இந்தக் கணக்கை யூரியாவே போடக்கூடாது என்று யாரும் வாசித்துவிடக் கூடாது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் திருப்பி எடுத்தார்கள். இடையில் விளைச்சல் இழந்தவர்கள், கடன்பட்டவர்கள், தேயிலைக் கொழுந்து குறைந்து வேலை நாள் இழந்தவர்கள் நம் மக்கள். விளைச்சல் பாதியானால் ஒரு கிலோ கரட்டுக்கான வாயுவும் செலவும் கூடவே செய்யும். நான் சொல்வது வீணாகும் பசளையைப் பற்றி மட்டும்.

வீணாவது எப்படி என்பதை லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் நின்றால் காணலாம். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கட்டுப் பசளை போடுகிறார்கள். கையிலிருந்து விசிறிய வெள்ளைக் குருணைகள் தண்டுகளுக்கு இடையிலும் பாதையிலும் ஈர மண்ணின் மேல் கிடக்கின்றன. மூட நேரமில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டார்கள். நான்கு மணிக்கு மழை பிடிக்கிறது. கால்மணி நேரத்தில் கானில் செம்மண் தண்ணீர் ஓடுகிறது. கரைந்ததும் கரையாததுமாகப் பசளை அதோடு போகிறது. மழை வராமல் வெறும் தூறலோடு நின்றாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளில் பாத்திக்குக் குனிந்தால் மூக்கை அரிக்கும் வாடை வரும். அது அமோனியா. காசு கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றில் ஏறிப் போகிறது. அண்மையில் டொலமைற் (மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணக்கல் தூள்) தூவிய மண்ணில் இந்த இழப்பு இன்னும் அதிகம். நுவரெலியாப் பக்கத்துக் கானில் ஓடியது நானுஓயாவில் இறங்கி, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து, நமக்கு மின்சாரம் தருகிற நீர்த்தேக்கங்களுக்கே போய்ச் சேருகிறது.

இதைத் தடுக்கக் காசு வேண்டியதில்லை. போடுகிற அளவை இரண்டு மூன்று தடவையாகப் பிரிக்க வேண்டும். சிறு சால் கிழித்துப் போட்டு இரண்டு அங்குலம் மண்ணால் மூட வேண்டும். லீக்ஸுக்கு எப்படியும் மண் அணைக்கிறோம், அந்த வேலையோடு இதையும் சேர்க்கலாம். டொலமைற்றையும் யூரியாவையும் ஒரே வாரத்தில் போடக்கூடாது. பலத்த மழை வரும் என்று தெரிந்த நாளில் மூட்டையைப் பிரிக்கவே கூடாது. இப்படிச் செய்து, மண் பரிசோதனையும் இடம் கொடுத்தால், மூன்று அந்தரை இரண்டாக்கிவிடலாம். பம்பியையே தூக்கிப் போட்டதற்குச் சமமான பலன். ஒரு மூட்டையின் விலையும் கையில் மிஞ்சுகிறது. சீட்டுக் காசு அப்படியே இருக்கிறது.

யூரியாவுக்கு மாற்றாகப் பலரும் சொல்வது கோழி எரு. கீழ்நாட்டுப் பண்ணைகளிலிருந்து, குருநாகல் பக்கமிருந்தெல்லாம், லொறியில் மலையேறி வருகிறது. ஒரு தொன்னில் ஏறத்தாழ 20 கிலோ நைதரசன் இருக்கும், அதாவது ஓர் அந்தர் யூரியாவுக்குக் கிட்ட. எருவின் நைதரசனுக்கு அதே அளவுகோல் தரும் விகிதம் 0.6 சதவீதம்தான், கணக்குப் பார்த்தால் வயலில் 50 கிலோ அளவு. ஐந்து தொன் ஏற்றிய லொறி 150 கிலோமீற்றர் ஏறி வந்து திரும்ப 60 லீட்டர் டீசல் எரித்தால் தொன்னுக்கு இன்னும் 32 கிலோ. இரண்டையும் கூட்டினாலும் யூரியாவின் பாதிக்கும் குறைவு. ஆனால் இதை யூரியாவோடு ஒன்றுக்கு ஒன்றாக மாற்ற முடியாது. எருவிலிருந்து நைதரசன் மெதுவாகத்தான் கிடைக்கும். அதோடு பொசுபரசும் நிறைய வரும், நம் மரக்கறி மண்ணில் அது ஏற்கனவே பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடக்கிறது. பச்சையாக இறக்கிப் பாதையோரம் குவித்து மழையில் ஊறவிட்டால் நன்மை எல்லாம் கழிவாகிவிடும். ஈயும் நாற்றமும் பக்கத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு. மூடி வைத்து மக்கவிட்டுப் போடுகிறவருக்கு மட்டும் இது நல்ல தெரிவு.

உள்ளூரிலேயே கிடைப்பது காட்டுச் சூரியகாந்தித் தழை. தெருவோரமெல்லாம் மஞ்சள் பூவோடு வளர்ந்து கிடக்கிறது, உலர்ந்த இலையில் நைதரசன் நூற்றுக்கு மூன்றுக்கு மேல். உயரத்தில் கிளிறிசீடியா சரியாக வராது, இது வரும். வெட்டிச் சுமப்பதுதான் பாடு. அந்தப் பாடு யார் தலையில் விழுகிறது என்பதை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். காலையிலிருந்து கொழுந்து பறித்து, பின்னேரம் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற பெண்தான் தழையும் வெட்ட வேண்டும் என்றால், அந்த மாற்றத்தின் விலையை நாம் அவர் முதுகில் ஏற்றுகிறோம். வீட்டு ஆண்கள் வெட்டிச் சுமக்கிற வீட்டில் இதைச் செய்யலாம்.

உரத்தைச் சீர்படுத்திய பிறகு தண்ணீருக்கு வரலாம். இங்கே நான்கு வழி இருக்கிறது. மலையின் எந்தப் பக்கத்தில் தோட்டம் இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பெற்றோல் பம்பியை வைத்துக்கொண்டே இருப்பது முதல் வழி. வாயுக் கணக்கில் அது சிறியதாக இருக்கலாம், பணக் கணக்கில் அல்ல. லீட்டர் 300 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 27,000 ரூபாய் எரிகிறது. இருந்தாலும் அதற்கு ஒரு பலம் உண்டு: தோளில் தூக்கிக்கொண்டு வேறு நிலத்துக்குப் போகலாம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

மின்மோட்டர் அதே வேலையை நான்கு அலகில் முடிக்கும். ஆண்டுக்கு 160 அலகு. நம் நாட்டு மின்சாரத்தில் ஓர் அலகுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று எடுத்தால் 80 கிலோ. பெற்றோலில் பாதிக்கும் குறைவு. நல்ல மழை ஆண்டில் லக்ஷபான, கொத்மலை, விக்டோரியா நீர்மின் நிலையங்கள் ஓடுவதால் இது இன்னும் குறையும். வறட்சி ஆண்டில் 900 மெகாவாற் நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் எண்ணெய் நிலையங்களும் தாங்குவதால் கூடும். நாம் மோட்டரைப் போடுவதோ வறட்சியில்தான்! அப்படியிருந்தும் பெற்றோலைவிட மேல். தடை எங்கே என்றால் இணைப்பு எடுப்பதில். ஆற்றோரம் வரை கம்பி இழுக்கச் செலவு அதிகம், லயத்து மீற்றரிலிருந்து வயர் இழுப்பது உயிருக்கு ஆபத்து. ஈரமான மலைச்சரிவில் கறையான் அரித்த கம்பத்தில் தொங்கும் வயரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. முறையான இணைப்பு கிடைக்காத இடத்தில் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

சூரியப் பம்பியைப் பற்றிப் பேசும்போது மலையகத்தை ஒரே இடமாக நினைத்துவிடுகிறோம். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை காற்றும் வெயிலுமாகக் காய்கிறது. தண்ணீர் தேவைப்படும் மாதமும் வெயில் அடிக்கும் மாதமும் ஒன்று. அங்கே சூரியப் பம்பி பொருத்தமான முதலீடு. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் அதே மாதங்களில் தென்மேற்குப் பருவ மழையும் மூடுபனியும். தண்ணீர் இறைக்கும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது வெயில் உண்டு, ஆண்டின் மிகுதிப் பகுதியில் தகடு சும்மா கிடக்கும். வீட்டு விளக்குக்கோ வேறு வேலைக்கோ அதைப் பயன்படுத்த வழி இல்லாவிட்டால் இவ்வளவு காசை அதில் முடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரவில் தகடு களவு போகாமல் பார்க்கவும் ஆள் வேண்டும்.

நான்காவது வழியை மலையே தருகிறது. தோட்டத்துக்கு மேலே ஊற்று இருந்தால் எந்த இயந்திரமும் வேண்டாம். ஒவ்வொரு பத்து மீற்றர் இறக்கத்துக்கும் ஒரு பார் அழுத்தம் கிடைக்கிறது. குழாயில் உராய்வில் போவதையும் கழித்து, 25 அல்லது 30 மீற்றர் இறக்கம் இருந்தால் சிறிய தூவல் கருவியைச் சுற்ற அது போதும். ஊற்றில் தண்ணீர் போதுமா என்பதை வறட்சியின் உச்சத்தில் அளக்க வேண்டும், மழைக் காலத்தில் அளந்து ஏமாறக் கூடாது. 20 லீட்டர் வாளி 40 செக்கனில் நிரம்பினால் மணிக்கு 1,800 லீட்டர். இரவு முழுவதும் தொட்டியில் சேர்த்தால் காலையில் அரை ஏக்கருக்கான 20,000 லீட்டர் தயார். தொட்டிக்கும் குழாய்க்கும் ஒரு தடவை செலவு. அதற்குப் பிறகு எரிபொருளும் இல்லை, மின்கட்டணப் பட்டியலும் இல்லை, புகையும் இல்லை. தண்ணீருக்கான வழிகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்கே.

ஒரு நிபந்தனை உண்டு. அதே ஊற்றில்தான் லயத்துக் குடிநீர்க் குழாயும் தொடங்குகிறது என்றால், ஒரு சொட்டு எடுப்பதற்கு முன் எல்லாக் குடும்பங்களோடும் பேசி முடிக்க வேண்டும். இரவில் மட்டும் எடுப்பது, மார்ச் மாதத்தில் நிறுத்துவது என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கரட்டுக்கு ஊற்றிவிட்டு, குடம் தூக்கிக்கொண்டு பிள்ளைகளை ஆற்றுக்கு அனுப்புவது எந்தக் கணக்கிலும் இலாபம் ஆகாது.

இப்போது நிலத்துக்கு வருவோம். இதை நாம் பேசாமல் இருக்க முடியாது. மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 2023-இல் 200 ஆண்டு ஆனது. இன்னும் எத்தனையோ குடும்பங்கள் காணி உறுதிப் பத்திரம் இல்லாத நிலத்தில், தேயிலைத் தோட்ட நிர்வாகம் விட்டுக்கொடுத்த துண்டில், அல்லது ஆண்டுக் குத்தகையில் மரக்கறி போடுகின்றன. அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவரிடம், சீமெந்துத் தொட்டி கட்டு, குழாயை மண்ணுக்குள் புதை, நாலு ஆண்டில் போட்ட முதல் திரும்பும் என்று சொல்வது நியாயமற்ற ஆலோசனை. அவருக்கு அந்த முதல் திரும்பாமலே போகலாம். உறுதி இல்லாமல் வங்கிக் கடனும் எடுக்க முடியாது. பச்சைவீட்டு வாயுவைக் குறைக்கச் சொல்லும் எந்தத் திட்டமும் இந்த மக்களுக்கு நில உரிமை கொடுப்பதிலிருந்து தொடங்கவில்லை என்றால், நல்ல தெரிவுகள் எல்லாம் நிலம் உள்ளவருக்கும் மட்டமான தெரிவுகள் நிலம் இல்லாதவருக்கும் என்றே பங்கு பிரியும். அதுவரை குத்தகைக்காரர் கழற்றி எடுத்துப் போகக்கூடியதை மட்டும் வாங்கட்டும்: மண்ணின் மேல் விரிக்கும் பொலித்தீன் குழாய், கழற்றி மாட்டும் தூவல் கருவி, மடித்து எடுக்கும் தார்ப்பாய்த் தொட்டி. பெற்றோல் பம்பியையும் விற்க வேண்டாம்.

சாண எரிவாயுவுக்கு ஆசைப்படுகிறவர்கள் அதிகம். இரண்டு கறவை மாட்டின் 30 கிலோ சாணத்திலிருந்து வெப்பமான ஊரில் நாளுக்கு ஒரு கன மீற்றருக்குச் சற்று மேல் வாயு வரும். ஒரு கன மீற்றர், சிலிண்டர் எரிவாயு 0.45 கிலோவுக்குச் சமம், 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு மிச்சம். நாவலப்பிட்டி, கம்பளை போன்ற தாழ்ந்த இடங்களில் இது உண்மையாகவே நல்ல வேலை. விறகுப் புகையில் கண் எரிந்து சமைக்கிற வீட்டுக்கு இன்னும் நல்லது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 15, 16 பாகை. அந்தக் குளிரில் குழிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும், வாயு பாதியாகக் குறையலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழியில் உண்டாவது பெரும்பாலும் மெதேன்; நூறு ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 27 மடங்கு வலியது. எட்டில் ஒரு பங்கு கசிந்தாலே, சிலிண்டரில் மிச்சப்படுத்திய நன்மை முழுவதும் கணக்கில் அடிபட்டுப் போகும். வெடித்த சுவரோடும் இறுகாத வால்வோடும் கைவிடப்பட்ட குழியைவிட, காற்றுப் பட உலர்ந்து மக்கும் சாணக் குவியலே மேல். ஏற்கனவே மாடு வைத்திருப்பவர், ஹற்றனுக்குக் கீழே இருப்பவர், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் உள்ளவர் கட்டட்டும். குழிக்காக மாடு வாங்க வேண்டாம். ஒரு கறவை மாடு அசை போடும்போதே ஆண்டுக்கு 60 கிலோ அளவில் மெதேன் விடுகிறது. அது ஒன்றரைத் தொன் காபனீரொட்சைட்டுக்கும் மேல்.

பைக்குப் பதிலாக, மரக்கறி நசுங்காமல் ஏற்ற உதவும் கூடையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். பையில் அழுத்திக் கட்டி, லொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ போய்ச் சேரும் மரக்கறியில் நிறைய நசுங்கி அழுகுகிறது. இலங்கையில் பழம், மரக்கறியின் அறுவடைக்குப் பிந்திய இழப்பு 30 முதல் 40 சதவீதம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அழுகிய ஒவ்வொரு கோவாவோடும் அதற்குப் போட்ட யூரியாவும் இறைத்த தண்ணீரும் குப்பைக்குப் போகின்றன. ஆனால் கூடை லொறியில் இடம் பிடிக்கும், வெறுங்கூடையைத் திரும்பக் கொண்டுவரவும் வேண்டும். தனி ஒரு குடும்பம் வாங்கிப் பயனில்லை. ஒரே லொறிக்கு ஏற்றும் குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் இது நிலம் இல்லாதவருக்கும் உகந்த முதலீடு.

ஆகவே சீட்டுக் காசு கையில் இருக்கும் அந்தக் குடும்பம் என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். இந்தப் போகம் காசைத் தொட வேண்டாம். பசளையைப் பிரித்து, மூடி, அளந்து போடுங்கள். சொந்த நிலமும் மேலே ஊற்றும் இருந்தால் அடுத்த வறட்சிக்கு முன் காசைக் குழாயிலும் தொட்டியிலும் போடுங்கள். ஊற்று இல்லை, முறையான மின் இணைப்பு உண்டு என்றால் மோட்டர். வெலிமடை, பண்டாரவளை போன்ற ஊவாப் பக்கம் இணைப்பும் இல்லை என்றால் சூரியப் பம்பி. குத்தகை நிலம் என்றால் கழற்றக்கூடிய குழாயும், கூட்டாகக் கூடையும்.

மண்ணைப் பரிசோதனைக்கு எடுப்பது அடுத்த நடுகைக்கு முன்னர், டொலமைற்றும் எருவும் போடுவதற்கு முன்னர். பாத்தி, மேடு, பள்ளம் என்று எட்டுப் பத்து இடத்தில் ஆறு அங்குல ஆழத்துக்குத் தோண்டி, சுத்தமான வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ எடுத்தால் போதும். பசளை மூட்டையை உதறிய பையில் மட்டும் அதைப் போடாதீர்கள். பொதியின் மேல் கடைசியாக என்ன பயிர், எவ்வளவு பசளை என்று எழுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். முடிவு வரும்போது யூரியாவின் அளவை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல், பொசுபரசுப் பசளை இந்த ஆண்டு தேவைதானா என்றும் கேளுங்கள்.